‘பண்டு’ன்னா என்ன மேடம்?

வீடு விற்கும் வேலைக்குப் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, எங்கே நிறுத்துவது என்றும் தெரிய வேண்டும். விற்பனை வேலையில் இருக்கும் சக தியாகிகளே, எனக்கு அந்த இரண்டாவது வரவே வராது. பெங்களூரிலிருந்து ஆனேக்கல் போகும் வழியில், ஏரிக்கரையை ஒட்டி எங்கள் கம்பெனி கட்டிய அடுக்ககத்துக்கு ‘பண்ட் வியூ’ என்று பெயர். மாத முடிவுக்குள் ஒரு வீடாவது விற்காவிட்டால் என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

சொல்லாராய்ச்சி

கோயம்புத்தூரிலிருந்து வந்து ஐ.டி.யில் இருக்கும் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். கணவர், ‘பண்டு’ என்றால் என்ன என்று கேட்டார். ஏரிக்கரை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். மெட்ரோவில் வரும்போது போனில் படித்த உற்சாகம் விடவில்லை. பாரசீகத்தில் ‘பந்த்’ என்றால் கட்டு, அடைப்பு. அது இந்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘பண்டு’ ஆனது. கடையடைப்புக்குச் சொல்கிறோமே பந்த், அதுவும் இதே குடும்பம்தான் சார் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். மனைவி கரையை அண்ணாந்து பார்த்தார்.

“பந்த்னா சாயங்காலம் ஆறு மணிக்குத் தொறந்துடுவாங்க. இது எப்பங்க தொறக்கும்?”

காட்சி

அல்சூரில் ஆட்டோ ஓட்டும் பெரியவர் மகளுக்காகத் தரைத்தள வீடு பார்க்க வந்தார். பால்கனிக் கதவை விளம்பரத்தில் வருவதுபோல மெல்லத் திறந்தேன். எதிரே ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மண். ஏரி அதற்கு அந்தப் பக்கம். கரைமேல் ஒரு மாடு போனது. மேல்மாடி பால்கனி மறைத்ததில் நாலு கால் மட்டும் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு பீறிட்டது.

“வியூன்னு போட்டுக்கீறீங்களே கண்ணு, மாடே பாதிதான் தெரியுது!”

கடைசி நாள்

மாதத்தின் கடைசி நாள் லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்டெல்லா அக்கா என்ற நர்ஸ் வந்தார். மேனேஜர் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

“தண்ணி எந்தப் பக்கம் நிக்குது?” என்றார் அக்கா.

உண்மையைச் சொன்னால் வீடு விற்காது. வேலை போனால் சொந்த ஊர் வாணியம்பாடிக்கு மூட்டை கட்ட வேண்டும். எனக்கோ பெங்களூரை விட மனசே இல்லை. வாய் அதையெல்லாம் கேட்கவில்லை.

“அந்தப் பக்கம்க்கா. நாம கரைக்குக் கீழ இருக்கோம். பெரிய மழை வந்தா தரைத்தளத்துல எங்கம்மாவ வெக்க மாட்டேன்.”

மேனேஜர் இருமினார். பிறகு இன்னும் பலமாக இருமினார். அக்கா கண்டுகொள்ளாமல் மாடியேறினார், நானும் ஓடினேன். மூன்றாம் மாடி பால்கனியில் நின்றால் கரைக்கு மேலாக ஏரி முழுசாகத் தெரிந்தது. எனக்கே அன்றுதான் தெரியும்! கீழே வந்ததும் அக்கா சொன்னார்:

“மூணாவது மாடிய என் பேருக்கு எழுதும்மா. கிரவுண்ட் ஃப்ளோர உங்க மேனேஜருக்கு வெச்சிடு.”

வேலை நிரந்தரமாகிவிட்டது, ஏரிக்கு இருப்பதுபோல் என் வாய்க்கும் ஒரு பண்டு கட்ட மேனேஜர்தான் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.