புஷ்பராணி அக்காவின் சிவப்புக் கோடு

பேஸ்மென்ட் மூலையில் தண்ணீர் ஊறும் குழிக்குள் அளவுநாடாவை மெல்ல இறக்குகிறார் புஷ்பராணி அக்கா. நுனி தண்ணீரைத் தொட்டதும் கையிலிருக்கும், நாடா சுற்றிய சக்கரம் 'கீய்ங்' என்று கத்துகிறது. குழிக்குள் குனிந்து, "போன்ஜூர்!" என்கிறார். பிறகு என்னிடம், "ஓம் தம்பி, நாடா நல்லாய்க் கதைக்குது. கொண்டு போங்கோ."

மாண்ட்ரியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருக்கும் அக்காவின் இந்த வீட்டுக் குழியில் தேறாத எந்தக் கருவியும் எங்கள் அலுவலகத்திலிருந்து விமானம் ஏறாது. நிலத்தடி நீரை ஆராய்கிற அலுவலகம். அங்கே கருவிகளையும் அளவுத் தாள்களையும் சரிபார்க்கும் அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மாண்ட்ரியல் ஜூலைக்கே விசிறியும் கையுமாகத் திரிபவர், பாலைவனத்தைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் தொலைவில் ஒரு பாலைவனத்தில் நாங்கள் போட்ட இருபத்து மூன்று ஆழ்குழாய்களும் அவருக்குப் பிள்ளைகள்தான். "பதினேழாவது கொஞ்சம் குழப்படி" என்பார்.

அவர் கைப்பையில் எப்போதும் சிவப்பு நகப்பாலிஷ் ஒன்று கிடக்கும். நகங்களோ வெறுமை. ஏனென்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அந்தப் பாலைவனத்தில் செம்புச் சுரங்கம் தோண்ட ஒரு நிறுவனம் விரும்புகிறது. சுரங்கத்துக்குத் தண்ணீர் இறைத்தால், ஆடு மேய்க்கும் குடும்பங்கள் நம்பியிருக்கும் ஊற்று வற்றுமா? அதைத்தான் நாங்கள் சொல்ல வேண்டும். போன வசந்தத்தில் மூன்று நாள் விடாமல் இறைத்துப் பார்த்தோம். ஊற்றருகே இருந்த பதினேழாம் குழாயில், இறைப்பதற்கு முன் சக ஊழியர் ஒருவர் நீர்மட்டத்தை அளந்தார். முடிந்த பிறகு நான் அளந்தேன். தண்ணீர் இறங்கவே இல்லை, ஒரு சாண் ஏறியிருந்தது! ஊற்றுக்கு ஆபத்தில்லை என்று அறிக்கை எழுதி, அலுவலகத்தில் கேக்கும் வெட்டிவிட்டோம்.

அக்கா கேக்கைத் தின்றுகொண்டே அளவுத் தாளைப் பார்த்தார். "மழையும் இல்லை, இறைப்பும் நடக்குது. பேந்தெப்பிடித் தண்ணி ஏறும்? தம்பி, எங்கயிருந்து அளந்தனீங்கள்?"

"தரையிலேர்ந்துதான்க்கா."

அக்கா மெல்லுவதை நிறுத்தினார். தாளில் இருந்தபடி, சக ஊழியர் அளந்தது குழாயின் வாயிலிருந்து. குழாய் தரைக்கு மேலே மூன்று சாண் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மூன்று சாணையும் நான் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தேன். திருத்திப் பார்த்தால் தண்ணீர் ஏறவில்லை, மூன்றே நாளில் இரண்டு சாண் இறங்கியிருந்தது. அறிக்கை அப்படியே போயிருந்தால் அந்த ஊற்று என் பெயரால் வற்றியிருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயோ, இதுக்குப் போய்! முதல் வருஷம் இஞ்ச அளக்கப் போய் நானும் இதே பிழைதான் விட்டனான். அதுக்குப் பிறகுதானே கியூட்டெக்ஸ் வாங்கினனான்" என்று அக்கா குலுங்கிச் சிரித்தார். கைப்பையில் கிடக்கும் அந்த நகப்பாலிஷ், எங்கிருந்து அளக்க வேண்டுமோ, குழாயின் வாயில் அந்த இடத்தில் கோடு போட்டு வைப்பதற்காம். நானும் அழுகையோடு சிரித்தேன்.

அறிக்கை நிறுத்தப்பட்டது. நிறுவனம் முதலில் முகத்தைச் சுளித்தது. பிறகு, தண்ணீர் இறைக்கும் இடத்தை மலைக்கு அந்தப் பக்கம் மாற்றச் சம்மதித்தது. நாளை நான் கிளம்புவது அங்கே இறைத்துப் பார்க்கத்தான். இந்த முறை பதினேழாவதில் நீர்மட்டம் அசையாமல் இருந்தால் ஊற்று பிழைத்தது.

நாடாவைப் பெட்டியில் வைத்துவிட்டு வாசலில் குனிந்து ஷூ மாட்டினேன். அக்கா கைப்பையைத் துழாவிக்கொண்டே வந்தார்.

"கையைக் காட்டுங்கோ."

என் பெருவிரலைப் பிடித்து, நகத்தின் குறுக்கே பட்டையாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். பிறகு காயும்வரை ஊதிக்கொண்டே நின்றார்.