இல்லை என்று எழுதிய கை

புள்ளிக்காரர் என்றால்தான் அச்சகத்தில் எல்லோருக்கும் ஆள் தெரியும். இருபது வருடமாக அங்கே பிழை திருத்துகிறவர். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போனால் மனிதருக்குச் சோறு இறங்காது. 'அச்சிடலாம்' என்று சிவப்பு மையில் அவர் எழுதாதவரை இயந்திரம் அரைச் சுற்றுகூடச் சுற்றாது.

"அண்ணே, உங்க கல்யாணப் பத்திரிகையில எத்தன பிழை?" என்று பக்கம் கட்டுகிறவன் சீண்டுவான்.

"ஒண்ணுதான், மாப்பிள்ளை பேரு. உங்க அண்ணி கண்டுபிடிச்சது."

அப்பேர்ப்பட்டவர் நாற்பத்திரண்டு வயதில், மலத்தில் ரத்தம் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். படிவத்தில் ஒரு கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா? அப்பாவும் அக்காவும் குடலில் கட்டி வந்துதான் போனார்கள். ஆனால் அந்தச் சொல்லை வீட்டில் ஒருவரும் வாயில் எடுத்ததில்லை. வயிற்றுவலி என்பதோடு சரி. அந்தப் பழக்கத்தில் கை 'இல்லை' என்று எழுதிவிட்டது. புள்ளியெல்லாம் சரியாகத்தான் வைத்தது. மூலம் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், கட்டி கல்லீரல்வரை போயிருந்தது.

இந்தமுறை அப்பா, அக்கா கதையை அவர் சொல்லி, சோதனையும் முடிந்தபிறகு, டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். "ஒரு செல் ரெண்டாகப் பிரியறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற டி.என்.ஏ முழுசையும் படி எடுக்கும். எடுக்க எடுக்கவே கூட நின்னு ஒண்ணு சரிபாக்கும். அது விட்டதைத் திருத்தப் பின்னாடியே ஒரு கூட்டம் வரும். ரொம்பக் கெட்டுப்போயிருந்தா பிரியவே விடாம நிறுத்தி வச்சிடும். உங்களுக்கு அந்தத் திருத்துற கூட்டத்தோட குறிப்புலயே ஒரு எழுத்து தப்பு. அப்பாகிட்டேருந்து வந்தது."

புள்ளிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்கிற இடமா அது? "பிழை திருத்துறவனுக்கே பிழையா!"

"உங்க பொண்ணுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. ஒரு சோதனை செஞ்சு தெரிஞ்சுகிட்டா, வருஷா வருஷம் குடலைப் பாத்து, கட்டியாகுறதுக்கு முன்னாடி முளையிலேயே எடுத்துடலாம்."

மகளுக்கு இருபத்துமூன்று வயது. மசியவே இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்லப்பா. கெளறாதீங்க."

அவர் கெஞ்சினார். பிறகு மருந்தைத் தொடமாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டார். மூன்றாம் நாள், அவரைச் சமாளிக்கத்தான், சோதனைக்கான படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்து மடியில் போட்டாள். குடும்பத்தைப் பற்றிய கட்டத்தில் 'இல்லை' என்றிருந்தது.

"ஏம்மா?"

"அந்த வார்த்தைய எழுதக் கை வரலப்பா."

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா வந்தது. அதை அடித்து, ஓரத்தில் கோடிழுத்து எழுதினார்: தாத்தா. அத்தை. அப்பா.

சோதனை முடிவு வந்தபோது அவர் படுத்த படுக்கை. அவளே காகிதத்தைக் கண்முன் பிடித்தாள். அவளுக்கும் அதே எழுத்துதான் தப்பு. அவர் வழக்கம்போல வரிவரியாக விரலை ஓட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "போயிட்டு வா. நாள் தள்ளாத."

புதன்கிழமை அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்தார்கள். குடலைப் பார்க்க அவளுக்குக் குறித்திருந்தது வியாழன். "இன்னிக்குப் போய் யாராவது போவாங்களாடி?" என்று சித்தி கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உதறிவிட்டுப் போனாள்.

இரண்டு முளை இருந்தது. எடுத்துவிட்டார்கள்.