சீனிச்சம்பல் பணிஸ்

என் மனைவி ஒரு வருடம் மீன், முட்டை, இறைச்சி, எந்த மச்சமும் சாப்பிடுவதில்லை என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் என் வயிற்றிலிருந்து தேசிக்காய் அளவில் ஒரு கட்டியை எடுத்து, அதில் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். அந்த இரண்டு கிழமைக்குள் அவள் தனியாகக் கோயிலுக்குப் போய் இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு வந்திருக்கிறாள். முடிவு நல்லதாக வந்தது. அன்று மத்தியானம் எனக்குச் சூடைமீன் சொதி வைத்துத் தந்துவிட்டுத் தான் பருப்போடு சாப்பிட்டாள். ஏன் என்று கேட்டபோதுதான் சொன்னாள். எனக்கு வேண்டித்தான் நேர்ந்திருக்கிறாள். கையைக் கழுவப் போனேன்.

காயம் ஆற மீன் சாப்பிட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீடு பாலையூற்றில். காலையில் மீன்காரர் மோட்டார் சைக்கிளில் கோன் அடித்துக்கொண்டு வருவார். அவள் வாங்கி, வெட்டி, குழம்பு வைப்பாள். உப்பு மட்டும் பார்க்கமாட்டாள். பார்த்தால் நேர்த்தி போய்விடும். ஒரு நாள் கடலாக இருக்கும், ஒரு நாள் வெறும் தண்ணீராக இருக்கும். நான் மிச்சம் வைத்தேன். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போடுவது வழக்கம். ஒரு நாள் அது மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த நாள் முதல் நானே சமைப்பதென்று தீர்மானித்தேன்.

மீனை வீட்டுக்குப் பின்னால் இறக்கிய பத்தியில் தனி அடுப்பில், தனிச் சட்டியில் வைத்தேன். அது சுலபம். கஷ்டம் அவளுடைய சாப்பாடுதான். பருப்பு, கத்தரிக்காய், வெண்டிக்காய், மறுபடி பருப்பு. மூன்றாம் மாதம் அவள் சோறு குறைவாகப் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். அலுத்துவிட்டது என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் சாமான் பார்ப்பது என் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் சமையல் பார்க்கத் தொடங்கினேன். யாரும் கேட்டுவிடக் கூடாதென்று சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பேன். அதனால் எதை எவ்வளவு போடுவது என்பதைக் கரண்டியின் அளவையும், சமைக்கிறவரின் முகத்தையும் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டேன். முதலில் கொண்டைக்கடலையை அவித்து, உள்ளி, எள்ளு, தேசிக்காய்ப்புளி விட்டு அரைத்தேன். அரபு நாட்டில் அப்படிச் சாப்பிடுகிறார்களாம். ரொட்டியோடு சாப்பிட்டுவிட்டு, "இது சம்பலோ, கறியோ?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது. பிறகு மெக்சிக்கோக்காரரைப் போல கௌபிப் பயறைத் தக்காளியும் செத்தல் மிளகாயும் போட்டு வற்றவைத்து ரொட்டிக்குள் மடித்துக் கொடுத்தேன். இத்தாலிக்காரரின் பாஸ்தாவுக்குக் கறிவேப்பிலை தாளித்துப் போட்டேன். அவள் அதற்கு மேலே இரண்டு அகப்பை சொதி விட்டுக்கொண்டாள். இத்தாலிக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை.

ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பத்திடம் சின்ன கரண்ட் அவண் ஒன்று வாங்கினேன். அதன் இடது பக்கப் பின்மூலை மட்டும் கருக்கும். பாதியில் தட்டைத் திருப்பி வைத்தால் சரி. முட்டை போடாமல், எருமைத் தயிரும் கனிந்த வாழைப்பழமும் சேர்த்துக் கேக் செய்தேன். முதலாவதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றாள். மூன்றாவது பரவாயில்லை. மா அரித்தால் போதும், அதிகம் கிண்டக்கூடாது என்பது மட்டும்தான் அதில் இருக்கிற வித்தை.

களஞ்சியத்தில் என்னோடு மூதூரிலிருந்து வருகிற ஒருவர் வேலை செய்கிறார். பதினெட்டு வருடப் பழக்கம். ஒரு நாள் என் தோளுக்கு மேலால் போனை எட்டிப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து மத்தியானம் ஆனால், "சமையக்காரர், இண்டைக்கி எந்த நாடு?" என்பார். சொல்லுவேன். ஆனால் எதற்காகச் சமைக்கிறேன் என்று சொல்லவில்லை. நேர்த்தியைச் சொன்னால் கட்டியைச் சொல்ல வேண்டும். கட்டியைச் சொன்னால் நிறையக் கேட்பார்கள்.

நேர்த்தி பதினோரு மாதம் தாண்டியபோது, அவணில் பணிஸ் சுட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அடுத்த நாள் ஒரு போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஊட்டுல செஞ்ச சீனிச்சம்பல். பணிசுக்குள்ள வச்சிப் பாருங்க."

இதற்குள் மாசி இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து தருகிற ஒரு மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது? வேண்டாம் என்று சொல்லுகிற மாதிரி இருக்கும். சரி என்று வாங்கிப் பையில் வைத்தேன்.

வீட்டில் திறந்து ஒரு கரண்டி நுனியில் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். ஏலம், கறுவா, மிளகாய், நன்றாக வதங்கிய வெங்காயம். மீன் ருசி இல்லை. மாசி என்பது காய்ந்த மீன்தான். ஆனால் சின்ன வயதிலிருந்து அதை இடித்துத் தூளாக்கி எல்லாச் சம்பலிலும் போட்டுப் பழகியதில், உப்பு, மஞ்சள் போல அதுவும் ஒரு தூளாகிவிட்டது. போட்டால் என் நாக்குக்குத் தெரியாது, போடாவிட்டால்தான் தெரியும். அந்தப் பதினோரு மாதமும் அவளுக்காக மாசி இல்லாமல் நான் செய்த சீனிச்சம்பலில் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே இருந்தது. இதில் ஒன்றும் குறையவில்லை. அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

மாவுக்கு ஈஸ்ட், இளஞ்சூட்டுப் பால், கொஞ்சம் சீனி, மாஜரீன். பிசைந்து, ஈரத்துணியால் மூடி, இரண்டு மடங்காகப் பொங்கும்வரை விட்டேன். உருண்டைகளைத் தட்டி, நடுவில் சம்பலை வைத்து மூடி, முட்டைக்குப் பதிலாகச் சீனி கரைத்த பாலைப் பூசி அவணுக்குள் வைத்தேன். பாதியில் திருப்பினேன். வெளியே எடுத்தபோது பேக்கரிப் பணிஸ் போலவே இருந்தன. அவள் தேத்தண்ணியோடு மூன்று சாப்பிட்டாள்.

"இண்டைக்குத்தான் சரியா வந்திருக்கு" என்றாள்.

பதினோரு மாதத்தில் என் சமையலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். நேர்த்தி முடிய இன்னும் பத்தொன்பது நாட்கள் இருந்தன.

மறுநாள் மூதூர்க்காரர் சட்டையைக் கொளுவிவிட்டுக் கேட்டார்.

"மாசி கொஞ்சம் கூடிப்போச்சாண்டு ஊட்டுல கேக்கச் சொன்னா."

இல்லை, அளவாகத்தான் இருந்தது என்றேன். அன்று பின்னேரம் நான் எண்ணிய கயிற்றுச் சுருள்களை அவர் மறுபடி எண்ண வேண்டி வந்தது.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது யோசித்தேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மூதூர்க்காரருக்கு நேர்த்தி தெரியாது, அவளுக்கு மாசி தெரியாது. அம்மனுக்கு மட்டும் தெரியும். அம்மனுக்குக் கோபம் வந்தால் அது இறங்கப்போவது என் வயிற்றில். அப்படியானால் நான் சொல்ல நினைப்பது நேர்மையா, பயமா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. அவள் பதினோரு மாதம் வாயைக் கட்டியதை நான் ஒரு தட்டில் வைத்து அழித்துவிட்டேன் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

அவள் கதிரையில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தைய பணிசுக்குள்ள மாசி இருந்திருக்கு. எனக்குத் தெரியாது" என்றேன்.

மடித்து வைத்த சேட்டு ஒன்றை மறுபடி விரித்தாள். பிறகு மடித்தாள். "மூண்டு சாப்பிட்டனான்" என்றாள். அவ்வளவுதான். எழும்பிப் போய்க் குளித்தாள். அன்று இரவு அவள் எதுவும் சாப்பிடவில்லை. மீனை நான் தின்றே ஆக வேண்டும் என்று அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் கோயிலுக்குப் போனோம். நான் ஐயரிடம் கேட்கத் தயங்கிக்கொண்டு நிற்க, அவளே கேட்டாள். ஐயர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெரியாமல் நடந்தது தோஷமில்லை, ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மிச்ச நாட்களை முடியுங்கோ என்றார். நான் உடனே ஓடிப் போய்த் தேங்காய் வாங்கி வந்து உடைத்தேன். சரிபாதியாக உடைந்தது. எனக்கு நல்ல சந்தோஷம். ஓட்டோவில் திரும்பி வந்தோம். வீட்டுக் கேற்றைத் திறக்கும்போது அவள் சொன்னாள்.

"ஐயர் சொன்னது சரிதான். ஆனா ஐயரின்ரை வயித்தையே வெட்டினவங்கள்? நான் இண்டையிலயிருந்து திரும்பவும் ஒரு வருசம் இருக்கிறன்."

மிச்சமிருந்த பதினேழு நாட்கள் முந்நூற்று அறுபத்தைந்து ஆயின. அப்படியென்றால் நானும் மச்சத்தை விடுகிறேன் என்றேன். நியாயம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"உங்களுக்கு டொக்டர் சாப்பிடச் சொன்னவர். நீங்கள் இதுக்குள்ள தலையிடாதையுங்கோ" என்றாள்.

மூதூர்க்காரரிடம் அந்தக் கிழமையே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டியையும் சொன்னேன். போத்தலைத் தந்த அன்றே கேட்டிருக்கலாமே என்றார். அவர் சொன்னது சரி.

இப்போது இரண்டாவது வருடத்தில் ஏழாம் மாதம் நடக்கிறது. அவள் என் சமையலை விட்டுவிடவில்லை, ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். தட்டை முன்னால் வைத்ததும் உள்ளே என்னென்ன இருக்கிறது, எங்கே வாங்கியது என்று ஒவ்வொன்றாக நான் சொல்ல வேண்டும். சொல்லி முடியும்வரை கை வைக்கமாட்டாள். இருபத்தாறு வருடக் கலியாண வாழ்க்கையில் நாங்கள் இவ்வளவு கதைத்ததில்லை. நேற்று உருளைக்கிழங்கும் பட்டாணியும் வைத்து இங்கிலாந்துக்காரரின் பை ஒன்று செய்தேன். மா முதல் மிளகுத்தூள்வரை சொன்னேன்.

"வேறை?" என்றாள்.

"வேறை ஒண்டும் இல்லை."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.