ஏகாதசியும் இன்சுலினும்

எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது என்று மேடையில் முழங்குகிறவர்களை எங்கள் லேபில் ஒரு வாரம் உட்காரவைக்க வேண்டும். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. இருபது வருஷமாக அங்கே நான் ரத்தம் எடுக்கிறேன். மூன்று மதத்துக்காரர்களும் வாய் கூசாமல் ஒரே பொய்யைச் சொல்வார்கள்: "காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலைங்க." ரிசல்ட்டில் சர்க்கரை முந்நூறு வரும். யார் காதில் பூ சுற்றுகிறார்களோ!

விரதக் காலம் வந்தால் இன்னும் கூத்து. எங்கள் ஸ்ரீரங்கத்து மாமா ஒருவர் ஏகாதசிக்கு அரிசியைத் தொடமாட்டார். அதற்குப் பதில் கோதுமை ரவை உப்புமா, சேமியா கேசரி, நாலு வாழைப்பழம் என்று ஒரு பந்தியே நடக்கும். பேக்கரி வைத்திருக்கும் பாய் ஒருவர், நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று எனக்கே பாடம் எடுத்தவர், பகலெல்லாம் நோன்பிருந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் சமோசாவையும் ரோஸ் மில்க்கையும் ஒரு கை பார்ப்பார். கான்வென்ட் டீச்சர் ஒருத்தர் இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். தவக்காலத்துக்காக இனிப்பை விட்டுவிட்டாராம். டாக்டர் பிடுங்கிக்கொண்ட இனிப்பை ஆண்டவருக்குத் தியாகம் பண்ணிவிட்டார், புண்ணியவதி!

நானும் ஒரு காலத்தில் ஏகாதசி தவறாதவள்தான். என் வீட்டுக்காரர் பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் பெருமாள் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் பிடிக்கவில்லை. கோயில், விரதம் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டேன். ஆனால் மனசு சும்மா இருக்கவில்லை. வேறு யாரிடமாவது உண்மை இருக்குமோ என்று, கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டுக் கேட்பேன்: "எதுக்குங்க பட்டினி கிடக்கிறீங்க?" ஊசி இறங்கும்போது மனுஷன் பொய் சொல்லமாட்டான் என்று ஒரு நப்பாசை. மாமா, பாய், டீச்சர் மூன்று பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: "உடம்பு அடங்கும், மனசு தெளியும்." ஒரே டியூஷனில் மனப்பாடம் பண்ணின மாதிரி. சீ என்றாகிவிட்டது எனக்கு.

போன வருஷம் ஒரு ஏகாதசி. காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சமையலறையில் அம்மா சரிந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. வீட்டில் இருந்த மீட்டரில் பார்த்தால் சர்க்கரை நாற்பத்திரண்டு; எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. விஷயம் புரிந்துபோயிற்று. டாக்டர் அந்த மாதம்தான் புதிதாக எழுதிக்கொடுத்த இன்சுலினைச் சரியாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பெருமாளுக்காக வாயில் ஒன்றும் வைக்கவில்லை. இரண்டு பேரில் ஒருத்தரையும் பகைத்துக்கொள்ளவில்லையாம்! சர்க்கரையைக் குழைத்து ஊட்டப்போனால் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த அரை மயக்கத்திலும், "இன்னிக்கு ஏகாதசிடி" என்கிறாள்.

"சர்க்கரை என்ன அரிசியா? வாயைத் திறம்மா, சனியன் பிடிச்ச ஏகாதசி!" என்று கத்திக்கொண்டே கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தேன். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

கால் மணி நேரத்தில் தெளிந்து உட்கார்ந்தாள். நான் விடவில்லை. "முன்னெல்லாம் பழம், பாலாவது சாப்பிடுவியே. அதையும் விடுன்னு யார் சொன்னா?"

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "பழம், பாலோட இருந்தது என் பங்குடி. நீதான் விட்டுட்டியே. மூணு வருஷமா உன் பங்கையும் சேர்த்து நான்தான் இருக்கேன். அதான் அதையும் நிறுத்திட்டேன்."

மூன்று வருஷமாக ஊரார் கையையெல்லாம் குத்திக் குத்திக் கேட்ட கேள்விக்குப் பதில் என் வீட்டுச் சமையலறையிலேயே இருந்திருக்கிறது. நான் அன்றாடம் அதைத் தாண்டிப்போய்த்தான் காபி போட்டுக் குடித்திருக்கிறேன்.

அடுத்த வாரம் பாய் வந்தபோது அம்மா செய்ததைச் சொன்னேன். மனப்பாடப் பதில் வரவில்லை. "என் மூத்த மகன் துபாய்ல இருக்கான். தொழுகை கிடையாது, நோன்பு கிடையாது. அவனுக்காக நான் வைக்கிறதுக்கு மார்க்கத்துல இடமில்லம்மா, எனக்கே தெரியும். ஆனா ஒவ்வொரு நோன்புக்கும் அவன் முகம்தான் முன்னால வருது" என்றார். டீச்சரிடமும் கேட்டேன். "எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமில்லங்க. வெயிட் குறையுதேன்னுதான்" என்றார். அந்த நேர்மைக்கு ஒரு பெரிய கும்பிடு.

அடுத்த ஏகாதசிக்கு அம்மாவிடம் பேரம் பேசினேன். "என் பங்கை நானே இருந்துக்கறேன். நீ உப்புமா சாப்பிட்டுட்டு ஊசி போட்டுக்கோ."

"நம்பிக்கை இல்லாம இருந்தா அது விரதமாடி? வெறும் பட்டினி."

"பட்டினியாவே இருக்கட்டும். நீ சாப்பிடு."

முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டாள். தட்டு காலியாகும்வரை எதிரிலேயே நின்றேன். அப்புறம்தான் பஸ் ஏறினேன்.

பதினோரு மணிக்கு லேபில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. உடம்பும் அடங்கவில்லை, மனசும் தெளியவில்லை. வயிறுதான் கத்தியது. பெருமாள் இருக்கிறாரா என்பது அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ரத்தம் கொடுக்க வந்த பாய் வழக்கம்போல எனக்கென்று பேக்கரியிலிருந்து ஒரு பன் கொண்டுவந்திருந்தார். வேண்டாமென்று தள்ளிவைத்தேன். கையை நீட்டியவர் என் முகத்தையே பார்த்தார்.

"யாருக்காகம்மா?"

"எங்கம்மா சாப்பிடணும் பாய்" என்றேன். அவருடைய நரம்பு அன்றைக்கு எனக்கு இரண்டாவது குத்தில்தான் கிடைத்தது.