ஜப்பார் பாய் வைக்காமல் போன ஐந்தாவது ஸ்பீக்கர்

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் நான்கு இடங்களில் ஒரே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காலை ஒன்பதரை மணி இருக்கும். ஜப்பார் பாயின் மகள் பாத்திமா போனில் அழைத்தாள். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்றாள். விடிகாலையில் நெஞ்சுவலி வந்து, தேனிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். முந்தின நாள் சாயங்காலம் என்னோடு டீ குடித்த மனிதர்.

இழவுச் செய்தி கேட்ட வீட்டில் பாட்டு ஓடலாமா? பதறிப்போய் செல்போனில் நிறுத்தினேன். நான்கு இடங்களிலும் சத்தம் ஒன்றாக நின்றது. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்துகொண்டிருந்த என் மனைவி ராஜாத்தி பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, ஏன் நிறுத்துனீங்க? நான் எங்க நிக்கிறேன்னே தெரியலையே" என்றாள். அவளுக்குக் கண் தெரியாது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னேன். "எங்கண்ணன் போயிட்டாரா" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

போடி ஏல மையத்தில் அவரோடு பழகிய உங்களுக்கு ஜப்பார் பாயைப் பற்றி நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்? இருபது வருடங்களுக்கு மேல் என் பக்கத்து இருக்கை அவருடையது. நாமெல்லாம் ஏலக்காய் மாதிரியைக் கையில் கொட்டிப் பச்சை நிறத்தைப் பார்ப்போம், மோந்து பார்ப்போம். அவர் மட்டும் பொத்திய கையைக் காதோரம் வைத்துக் குலுக்குவார். நன்றாகக் காய்ந்த காய் கலகலவென்று சொல்லும், ஈரம் இருந்தால் மொத்தையாகச் சொல்லும் என்பார். "நிறம் ஏமாத்தும் மாப்ளே, சத்தம் ஏமாத்தாது" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்தி ஏலம் கேட்கும் முறை வந்தபோது, நானெல்லாம் இனி வியாபாரமே போச்சு என்று புலம்பினேன். அவர் ஒரே வாரத்தில் அதைக் கற்றுக்கொண்டு எனக்கும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார்.

ராஜாத்திக்குச் சர்க்கரையால் பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது. முதலில் தட்டுத் தடவி நடந்துகொண்டுதான் இருந்தாள். ஒருநாள் நிலைப்படியில் மோதிப் புருவம் கிழிந்து தையல் போட்டோம். அதிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. கட்டில், அதை விட்டால் குளியலறை, அதுவும் என் தோளைப் பிடித்துக்கொண்டு. முப்பத்தைந்து வருடம் ஓடியாடி ஆண்ட வீடு அவளுக்கு ஒரு கட்டிலாகச் சுருங்கியது. நானும் பொறுமைசாலி இல்லை. "இப்படியே கெடந்தா காலும் போயிரும்" என்று கத்தியிருக்கிறேன். கத்திவிட்டு மொட்டை மாடியில் போய் நின்று அழுதும் இருக்கிறேன்.

அப்படி நான் கத்திய ஒருநாள்தான் ஜப்பார் பாய் வந்தார். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவும் அவர் வீட்டுக் கொல்லைக் கதவும் ஒரே சந்தில்தான் இருக்கின்றன. என் கத்தல் அவர் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கிறது. வந்தவர் என்னைத் திட்டவில்லை. கூடத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "வீடு ஊமையா கெடக்கு மாப்ளே. எந்தப் பக்கம் எதுன்னு தங்கச்சிக்கு எப்படித் தெரியும்? வீட்டைப் பேச வைப்போம்" என்றார்.

எல்லா அறைகளிலும் ஒரே பாட்டை ஓடவிடுவதுதான் அவருடைய யோசனை. நான் உடனே, சென்னையில் இருக்கும் மகனிடம் சொல்லிப் புதிதாக ஒரு செட் வாங்கிவிடுகிறேன் என்றேன். என் மூஞ்சியையே பார்த்தார். "அட, போங்க மாப்ளே! புதுசு எல்லாம் ஒரே குரல்ல பேசும். பழசுதான் ஒவ்வொண்ணும் ஒரு தினுசா பேசும். இது கூடம், இது அடுப்படின்னு அதுதானே சொல்லும்?" என்றார். அன்றைக்கே பரண் மேல் ஏறினோம். கல்யாணமான புதிதில் வாங்கிய பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் கூடத்துக்கு. மகன் படிக்கும்போது வைத்திருந்த கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் சமையலறைக்கு. டிவிக்கு அடியில் கிடந்த நீளமானது படுக்கையறைக்கு. நான் குரங்கணி மலைத் தோட்டத்துக்குப் போய்வந்த பழைய ஜீப்பிலிருந்து கழற்றி வைத்திருந்த ஸ்பீக்கர், ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையரோடு, குளியலறைக்குப் போகும் நடைக்கு. அது ஜீப்பில் கரகரத்ததைப் போலவே வீட்டிலும் கரகரத்தது. "இதை மட்டும் ரிப்பேர் பண்ணிராதீங்க, இதுதான் அடையாளம்" என்றார்.

முதலில் புளூடூத்தில் போட்டுப் பார்த்தோம். ஒரு ஸ்பீக்கர் பாடினால் மற்றது பாடவில்லை. ஒரு சுவரைத் தாண்டினால் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு அவர் எங்கெங்கோ விசாரித்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ரிசீவர்கள் நான்கு வரவழைத்தார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒன்று. அவை வீட்டு வைஃபையில் சேர்ந்துகொள்ளும். செல்போனில் ஒரே இடத்தில் பாட்டைப் போட்டால் நான்கும் எடுத்துப் பாடும். மேசை மேல் வைத்துச் சோதித்தபோது எல்லாம் நன்றாகவே பாடின.

அதன் பிறகு நாங்கள் செய்த காரியம் இருக்கிறதே, ஏலக்காய்க்காரர்கள் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். காற்றில் இருக்கிற ஈரம் பட்டால் சரக்கு போச்சு என்று ஆயுள் முழுக்கப் பயந்த ஆட்கள் நாங்கள். அருமையான பொருள் எதுவானாலும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடினால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். ஜப்பார் பாய் வீட்டிலிருந்து நான்கு தகர டப்பாக்களைக் கொண்டுவந்தார். வயருக்கு மட்டும் ஒரு ஓட்டை போட்டு, ரிசீவர்களை உள்ளே வைத்து, மூடியை இறுக்கினோம். நான்கும் ஊமையாகிவிட்டன. மூன்று நாள் மல்லுக்கட்டினோம். வயரை மாற்றினோம், வைஃபை பெட்டியை இடம் மாற்றினோம், இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். கடைசியில் படுக்கையறையிலிருந்து ராஜாத்தியின் குரல் வந்தது. "அண்ணே, நீங்க மூடி போடுற சத்தம் கேக்குற வரைக்கும் அது பாடுது. மூடி போட்டதும் நின்னுருது. அத ஏன் மூடுறீங்க?"

இரண்டு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தோம். மூடியைத் திறந்தார், பாட்டு வந்தது. மூடினார், போனது. தகரத்துக்குள் வைஃபை நுழையாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. "ஏல மையத்துல ஒருத்தன்கிட்டயும் சொல்லிராதீங்க மாப்ளே, மானம் போயிரும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். ராஜாத்தி சிரித்தாள். பார்வை போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பாய், மன்னியுங்கள், இன்றைக்கு எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

நான்கும் பாடத் தொடங்கியதும் வேறு தொல்லை வந்தது. கூடத்தில் பாடுகிற வரியைச் சமையலறை கொஞ்சம் பிந்திப் பாடியது. இரண்டுக்கும் நடுவில் நின்றால் தலை சுற்றியது. செல்போனில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் முந்தவோ பிந்தவோ வைக்க வழி இருந்தது. ஆனால் எவ்வளவு என்று சொல்ல நல்ல காது வேண்டுமே. ஜப்பார் பாய் நேராக ராஜாத்தியிடம் போனார். "தங்கச்சி, எங்க ரெண்டு பேருக்கும் வயசாகிப் போச்சு. வெரசா எந்திரிச்சு வா, உன் காதை வச்சு ஒரு சோலி இருக்கு" என்றார்.

அவள் எழுந்து வந்தாள். அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். நான் கத்தியும் கெஞ்சியும் எழாதவள், அவர் வேலை கொடுத்ததும் எழுந்து வந்தாள். "அடுப்படி பிந்துது அண்ணே... இன்னும் கொஞ்சம்... இப்ப முந்துது" என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நடந்தாள். நான் கை கொடுக்கப் போனபோது ஜப்பார் பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். அந்த வாரமே அவள் நடையிலிருந்த ஸ்பீக்கரின் கரகரப்பை வைத்துத் தனியாகக் குளியலறைக்குப் போனாள். அடுத்த மாதம் எனக்குக் காபி போட்டுத் தந்தாள். சர்க்கரை கொஞ்சம் கூடுதல். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

கொல்லைப்புறத்துக்கு மட்டும் பாக்கி இருந்தது. "அஞ்சாவது ஒண்ணு கொல்லைக்கு வைக்கணும். தங்கச்சி எங்க வீட்டுக்குத் தானா வரணும். மழை முடியட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மழை முடிவதற்குள் அவர் முடிந்துவிட்டார். ஜனாஸா தொழுகை முடிந்து, மூன்று கைப்பிடி மண் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு பத்து நாள் எங்கள் வீட்டில் பாட்டு இல்லை. பக்கத்தில் துக்க வீடு, எப்படிப் போடுவது? வீடு மறுபடி ஊமையானது. ராஜாத்தி மறுபடி கட்டிலுக்குப் போய்விட்டாள். அவரும் போய், அவர் மீட்டுத் தந்ததும் போனால் என்ன செய்வேன்?

அவருடைய மனைவி நூர்ஜஹான் மதினி இத்தா என்கிற துக்கக் காலத்தில் இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரமாட்டார், வெளி ஆண்கள் யாரும் போய்ப் பார்க்கவும் முடியாது. ராஜாத்தி போய் உட்காரலாம். ஒருநாள் நான் அவளை அவர்கள் வீட்டுக் கொல்லை வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். மகள் பாத்திமா உள்ளே அழைத்துப் போனாள். ஒரு மணி நேரம் சந்தில் நின்றேன். திரும்பும்போது ராஜாத்தி சொன்னாள்: "மதினி உங்களத் திட்டச் சொன்னாங்க. 'உங்க வீட்டுச் சத்தம் நின்னதுதான் எனக்கு என்னமோ பண்ணுது. அவரு ஆசையா வச்சத ஏன் நிறுத்துனாரு, போடச் சொல்லு'ன்னாங்க." பிறகு, "நாளைக்கு நான் தனியா வர்றேங்க" என்றாள்.

முடியாது என்றேன். போவதாவது பரவாயில்லை, பாத்திமா குரல் கொடுப்பாள். திரும்பும்போது தவறிச் சந்து முனையைத் தாண்டினால் தெரு. ஆட்டோவும் பைக்கும் பறக்கிற தெரு. பெரிய சண்டையே நடந்தது. சண்டை நடுவில்தான் பாத்திமா ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அத்தா ரூம்ல இருந்துச்சு மாமா, உங்க பேரு எழுதியிருக்கு."

உள்ளே ஒரு பழைய பெட்டி ஸ்பீக்கர். வயர்கள் எல்லாம் பூட்டித் தயாராக இருந்தன. புதிதாக வாங்கிய ஐந்தாவது ரிசீவரை ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்து, மழை இறங்காதபடி அடிப்பக்கம் ஓட்டைகள் போட்டிருந்தார். மூடியில் அவருடைய கோணல் எழுத்து: "மாப்ளே, பயப்படாதீங்க, இது பிளாஸ்டிக்." சிரித்துக்கொண்டே அழுதேன். எங்கள் கொல்லை நிலைக்கு மேல் ஆணி அடித்து நானே மாட்டினேன். செல்போனில் சேர்க்கத் தெரியாமல் ஒரு மதியம் பூராவும் திண்டாடி, கடைசியில் சேர்த்தேன்.

மறுநாள் நான்கு மணிக்குப் பாட்டைப் போட்டேன். ராஜாத்தி கோலை எடுத்துக்கொண்டு சுவரைத் தொட்டபடி போனாள். ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கூப்பிட வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. என் சட்டையை யாரோ பின்னாலிருந்து பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவள் வந்தாள். நடுவில் ஒருமுறை நின்றாள், தலையைச் சாய்த்துக் கேட்டாள், மறுபடி நடந்தாள். எங்கள் நிலைக்கதவில் கையை வைத்துவிட்டு, நான் அங்கே நிற்பது தெரிந்தவளாக, "கொல்லைப் பாட்டு லேசா பிந்துது, சரி பண்ணுங்க" என்றாள். சரி செய்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றாள். அதையும் செய்தேன்.

அந்த டப்பா மூடியை மட்டும் கழற்றி என் மேசையில் வைத்துக்கொண்டேன். கொல்லையில் அதற்குப் பதில் வேறு மூடி போட்டிருக்கிறேன், பிளாஸ்டிக்தான். ஜப்பார் பாயிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மூடியும், கை கொடுக்காமல் நிற்கக் கற்றுக்கொண்டதும். ராஜாத்தி இப்போது தினமும் நான்கு மணிக்கு மதினியைப் பார்க்கப் போகிறாள். அவள் திரும்பி வரும்வரை, யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் சரி, நான் பாட்டை நிறுத்துவதில்லை.