பாசிக்கு எத்தன ஷிப்ட்டு?

இன்னிக்குக் காலைல மீன் வளர்க்குற குரூப்புல ஒரு தம்பி போட்டோ போட்டிருந்தாரு. சின்ன உப்புத்தண்ணித் தொட்டி, உள்ள ஒரே பச்சைப்பாசி.

"என்ன மருந்து ஊத்தலாம்?"

"வூட்டுல எத்தன பேரு தம்பி?"ன்னு கேட்டேன்.

"பாசிக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"னு கோச்சிக்கிட்டாரு.

இருக்குதே!

எழுபதுகள்ல விருத்தாசலத்துல நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனில, சூளை போர்மேன் சூளைக்குப் பக்கத்துலயே இப்படி ஒரு தொட்டி வெச்சிருந்தாரு. பாசி புடிச்சா கடலூருக்கு பஸ் ஏறி, கேன்ல கடல் தண்ணி கொண்டாந்து மாத்துவாரு. மறுவாரமே பச்சை.

சூளை அணையாது, அதனால மூணு ஷிப்ட்டு. "போன ஷிப்ட்டுக்காரன் எங்க போட்டிருக்கப் போறான், பாவம்"னு ஒவ்வொரு ஷிப்ட்டும் மீனுக்குத் தீனி போட்டுச்சு. மிச்சமெல்லாம் பாசிக்குச் சாப்பாடு.

போர்மேன் கண்டுபுடிச்சு எல்லாரையும் திட்டித் தீர்த்தாரு. தீனி டப்பாவையும் பூட்டுனாரு.

அப்பவும் பாசி போவல.

தம்பி இப்பதான் எழுதுறாரு: "சார், அப்பா, அம்மா, வூட்டுக்காரி எல்லாருமே தனித்தனியா தீனி போடறாங்களாம்!"

நான் அந்த மூணு ஷிப்ட்டுலயும் இல்ல. ஆபீஸுல பகல் வேலை. தொட்டிப் பக்கம் போறப்பல்லாம் பாக்கெட்டுல பொட்டுக்கடலை இருக்கும்.

போர்மேன் பேரப்புள்ளைங்க யாராச்சும் இங்க இருந்தா, அவருக்கு இதப் படிச்சுக் காட்டிடாதீங்க.