முடிவை முதலில் சொன்ன சீட்டுகள்

காலை ஒன்பது பத்து. எங்கள் தெருமுனை நூலகத்தில் விளக்கு போட்டு ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. இளையோர் அலமாரிக்கு முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். தோளில் கண்டக்டர் பை. புத்தகங்களை அவர் தொடவில்லை. தட்டுகளின் விளிம்பில் கிளிப் போட்டு மாட்டியிருந்த சீட்டுகளை மட்டும் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போனார்.

அந்தச் சீட்டுகளை எழுதியவள் நான். ஒரு நாளிதழில் இருபத்திரண்டு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்துவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்திருந்தேன். நூலகருக்குப் பதின்வயதினருக்கான மாயக்கதைகளும் அறிவியல் புனைகதைகளுமாக ஒரு அலமாரி நிறையப் புத்தகங்கள் வந்திருந்தன. யாரும் எடுக்கவில்லை. எனக்கு அந்த வகை நாவல்கள் பிடிக்கும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் நாலு வரியில் பரிந்துரை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, "அக்கா, பசங்க சீட்டெல்லாம் நின்னு படிக்குதுங்க. புக்குதான் நகர மாட்டுது" என்றார். கையெழுத்து சின்னதாக இருக்கிறதோ என்று நினைத்தேன்.

கண்டக்டர் கடைசித் தட்டுவரை படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உப்பள்ளுற பசங்க கதைன்னு ஒண்ணு இருக்குதாமே மேடம். அது எதுங்க?"

கடல் வற்றிப்போன ஓர் உலகத்தில் உப்பு அள்ளும் பிள்ளைகள் காணாமல் போன கடலைத் தேடிப் போகும் கதை அது. மூன்று பாகம். முதல் பாகத்தை எடுத்துக் கொடுத்து, "உங்க பொண்ணுக்கா, பையனுக்கா?" என்று கேட்டேன்.

"பொண்ணு படிச்சிக்கினுதான் கீது. எனக்குத்தான்."

வடக்கனந்தல்காரர். மலையேறிப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் ஓடுபவர். மகள் பத்தாவது முடித்ததும் கள்ளக்குறிச்சியிலேயே கம்ப்யூட்டர் குரூப் படிக்கிறேன் என்றிருக்கிறாள். இவர் மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பயாலஜி குரூப்பில் சேர்த்துவிட்டார். மூன்று மாதமாக அவள் அப்பாவிடம் பேசுவதில்லை. புதன்கிழமை சாயங்காலம் விடுதி போனில் கூப்பிட்டால், சாப்பிட்டியா என்றால் 'ம்', தூங்குறியா என்றால் 'ம்'. எந்நேரமும் இந்தக் கதையையே வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று வார்டன் சொல்லியிருக்கிறார்.

"அது இன்னா படிக்குதுன்னு தெரிஞ்சா, அதப் பத்தியாச்சும் ரெண்டு வார்த்த பேசலாம்ல?" என்றார். அடையாளம் வைக்க அந்தப் புத்தகத்தின் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, அதே ஒன்பது மணி வாக்கில் மறுபடி வந்தார். புத்தகத்தை மேசைமேல் வைத்தார். சீட்டு கையில் இருந்தது.

"மேடம், நீங்க பேப்பர்ல இருந்தீங்களாமே?"

"ஆமா."

"அதான். சாவு சேதி மாதிரி எழுதி வச்சிகிறீங்க. ஆளு போயிட்டாருன்னு மொத வரியிலயே."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் வரி இது: 'பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக வரும் கிழவன்தான் கடலைத் திருடியவன் என்பது மூன்றாம் பாகத்தின் இறுதியில் தெரியவருகிறது.' அதற்குக் கீழேதான் உப்பு, பிள்ளைகள், பயணம் எல்லாம்.

நடந்ததை அவரே சொன்னார். புதன்கிழமை வருவதற்குள் பதினோரு பக்கம்தான் படிக்க முடிந்திருக்கிறது. சீட்டில் இருந்ததைக் கதையின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டார். போனில் மகளிடம், "ஏம்மா, அந்தக் கிழவன் திருடுன கடலு திரும்பக் கெடைச்சிதா?" என்று கேட்டிருக்கிறார். மூன்று மாதத்தில் முதல் முறையாக அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "எந்தக் கிழவன்?" அந்தச் சந்தோஷத்தில் இவர் விளக்கமாகச் சொன்னார். "அதான்மா, பசங்கள இட்டுக்கினு போறானே, அவன்தான்." அவள் அப்போது இரண்டாம் பாகத்தின் நடுவில் இருந்தாள். போனை வைத்துவிட்டாள். அடுத்த புதன்கிழமை போனுக்கே வரவில்லை.

"முன்னாடி 'ம்'னாச்சும் வந்துச்சி" என்றார்.

நூலகர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து அலமாரியிலிருந்த சீட்டுகளை எல்லாம் கழற்றி எடுத்து வந்து படித்தேன். எல்லாம் அப்படித்தான் இருந்தன. செய்தியில் முக்கியமானது முதல் வரியில் வரவேண்டும். பக்கத்தில் இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட அந்த முறையிலேயே துரோகிகள், செத்தவர்கள், பிழைத்தவர்கள் எல்லோரையும் முதல் வரியில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுத ஆரம்பித்தேன். வண்டிக்கு இன்னும் நேரம் இருந்ததால் அவரும் உட்கார்ந்தார். முதல் சீட்டை வாசித்துக் காட்டினேன். வேற்றுக் கிரகத்துக்குப் போகும் கப்பலில் ஒரு பள்ளிக்கூடம், ஒருநாள் வருகைப் பதிவில் ஒரு பெயர் கூடுதலாக இருக்கிறது, அந்தப் பெயர்...

"ஸ்டாப்பிங். இங்கயே எறக்கி வுட்டுடுங்க" என்றார். "இதுக்கு மேல போவணும்னா டிக்கெட் வாங்கினு ஏறட்டும்."

அன்று ஏழு சீட்டு எழுதினேன். ஏழிலும் எங்கே நிறுத்துவது என்று அவர்தான் சொன்னார். போகும்போது மகளுக்குக் கொடுக்க வேறு புத்தகம் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"மொதல்ல இத நான் முடிக்கிறேன். கெடுத்தவன் நானு. முழுசாப் படிச்சிட்டுத்தான் அது மூஞ்சில முழிக்கணும்."

"முடிவு தெரிஞ்சி போச்சே, படிக்க முடியுமா?"

"மலைக்குத் தெனம் போறேன். எத்தன வளைவு, கடைசில இன்னா ஊருன்னு தெரியாமயா போறேன்?"

வெள்ளிமலையில் வண்டி நாற்பது நிமிடம் நிற்கும். டிரைவர் டீக்கடைக்குப் போய்விடுவார். கடுக்காய் மூட்டை ஏற்றுகிறவர்களைத் தவிர வண்டியில் யாரும் இருக்கமாட்டார்கள். பின்சீட்டில் உட்கார்ந்து படித்தார். டிரைவர் அவரை ஸ்கூல் பையன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாராம். முதல் பாகம் பன்னிரண்டு நாள், இரண்டாவது ஒன்பது, மூன்றாவது ஆறு. ஒவ்வொன்றையும் திருப்பித் தரும்போது ஏதாவது ஒன்று சொன்னார்.

"அந்தக் கிழவன் எங்கியுமே தண்ணி குடிக்கல மேடம். பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. இரண்டு முறை படித்திருந்தேன்.

முடிவு தெரிந்து படித்ததால், அவர் கிழவனை விட்டுக் கண்ணெடுக்காமல் படித்திருக்கிறார். எல்லோரும் கடல் கடல் என்கிற இடத்தில் அவன் மட்டும் 'அது' என்கிறான். உப்பு மூட்டையைத் தூக்கச் சொன்னால் முதுகு வலி என்கிறான். அதே அத்தியாயத்தில் மரம் ஏறுகிறான். இப்படிப் பதினாலு இடங்களைப் பக்க எண்ணோடு, டிக்கெட் கணக்கு எழுதும் ஒரு டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். அதைத் தபாலில் விடுதிக்கு அனுப்பினார். மேலே ஒரே ஒரு வரி: 'தெரியாம சொல்லிட்டேன்மா. நீ இதெல்லாம் பாத்தியா?'

பதில் வரவில்லை. அந்தப் புதன்கிழமையும் அவள் போனுக்கு வரவில்லை. கண்டக்டர் என்னிடம் கப்பல் பள்ளிக்கூடக் கதையை வாங்கிக்கொண்டார். அதை அவரும் படிக்கவில்லை, மகளும் படிக்கவில்லை; முடிவு இருவருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அதோடு மணலூர்பேட்டை வண்டி ஏறினார்.

திங்கள்கிழமை வந்து சொன்னார். விடுதியில் பார்க்க வருகிறவர்களுக்கு வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். மகள் டிரிப் ஷீட்டோடு வந்தாள். பதினாலில் ஆறாவது தப்பு, அது கிழவன் இல்லை, படகுக்காரன் என்று அடித்திருந்தாள். கீழே பச்சை மையில் பதினைந்து, பதினாறு, பதினேழு என்று எழுதிச் சேர்த்திருந்தாள். ஆறாவதை இவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் பாகத்தை எடுத்துவரச் சொல்லி இருவரும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"யாரு சொன்னது சரி?" என்று நூலகர் கேட்டார்.

"எம் பொண்ணு சொன்னதுதான்" என்றார்.

கம்ப்யூட்டர் குரூப் பற்றிப் பேச்சு வரவில்லை. பார்க்கும் நேரம் ஐந்து மணியோடு முடியும். மணி அடித்த பிறகு வார்டன் இரண்டு முறை வந்து பெஞ்சு பக்கத்தில் நின்றுவிட்டுப் போனாராம்.